தானாகப் போன பூச்சி

அன்புள்ள ஐயா,

கிராமத் தொழில்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேளாண் ஆராய்ச்சியைக் கண்டுகொள்வதே இல்லை என்று சென்ற மாதம் ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அப்பா நாற்பது வருடமாகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறார். எந்த விஞ்ஞானியும் எங்கள் வரப்பில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு ஆலோசனை சொல்வது மருந்துக்கடைக்காரர் மட்டும்தான்.

2010 வாக்கில் காட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பிக்கொண்டது. நாலு தடவை மருந்தடித்தும் கேட்கவில்லை. அடுத்த வருடம் தானாகவே போய்விட்டது. நாலைந்து வருடம் முன்பு அதேபோல மறுபடி வந்தது. கொழுந்தெல்லாம் சுருண்டு கொத்தாக நின்றது. பிறகு அதுவும் குறைந்துவிட்டது. “அதுவா வந்துச்சு, அதுவா போயிருச்சு” என்கிறார் அப்பா. இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்குவதற்குத்தானே அது?

வெளிநாட்டிலிருந்து ஏதோ குளவியைக் கொண்டுவந்து விட்டதாக நண்பர் ஒருவர் சொன்னார். அது உண்மையென்றால் இன்னும் பயமாக இருக்கிறது. சீமைக்கருவேலத்தையும் இப்படித்தானே கொண்டுவந்தார்கள்?

எஸ்.
ராசிபுரம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா சொன்னதில் முதல் பாதி சரி. அது அதுவாகத்தான் வந்தது. அதுவாகப் போகவில்லை. உங்கள் காட்டுக்கு வந்தவை இரண்டு வெவ்வேறு பூச்சிகள். இரண்டையும் அடக்கியவை எள்ளைவிடச் சிறிய குளவிகள். உங்கள் நண்பர் கேள்விப்பட்டது உண்மைதான்.

முதலில் வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. அங்கிருந்து கரீபியத் தீவுகள், புளோரிடா, பசிபிக் தீவுகள் என்று பரவி 2008இல் இலங்கையிலும் கோயம்புத்தூரிலும் தென்பட்டது. பப்பாளி என்று பெயர்தான். மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி, தேக்கு என்று எதையும் விடாது. இரண்டு வருடத்தில் கொங்கு நாட்டைத் தாண்டிப் போய்விட்டது.

என் மாமா ஒருவர் உடுமலைப் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். 2009இல் அவர் தோட்டத்துக்குப் போனபோது இலையின் அடிப்புறமெல்லாம் சுண்ணாம்பு அடித்தமாதிரி இருந்தது. மற்றவர்களாவது மருந்தடித்துப் பார்க்கலாம். அவருக்கு அதுவும் முடியாது. மருந்து பட்ட இலையைப் போட்டால் புழு செத்துவிடும், போடாவிட்டால் பட்டினியில் சாகும். அந்த வருடம் அவர் மல்பெரியில் பாதியைப் பிடுங்கிவிட்டார். ஆராய்ச்சியைப் பற்றி நான் எப்போது பேசினாலும் அந்தப் பிடுங்கிய வேர்க்குவியல்தான் நினைவில் வரும்.

மருந்து ஏன் கேட்கவில்லை என்று உங்கள் அப்பா யோசித்திருப்பார். அந்தப் பூச்சியின் உடம்புமேல் மெழுகு மாவு. முட்டைகளும் பஞ்சுபோன்ற பைக்குள். தெளிக்கிற மருந்து உள்ளே இறங்குவதே இல்லை. ஆனால் அதே மருந்து, பூச்சியைத் தின்ன வருகிற பொறிவண்டுகளை முதலில் கொன்றுவிடுகிறது. நாலு தடவை அடித்தால் நாலு தடவையும் பூச்சிக்குத்தான் லாபம்.

இந்தப் பூச்சி மெக்சிகோவில் ஏன் பெரிய தொல்லையாக இல்லை? அங்கே அதற்கென்றே பிறந்த எதிரிகள் உண்டு. இங்கே பூச்சி மட்டும் வந்தது, எதிரி வரவில்லை. அந்த எதிரியை அமெரிக்க வேளாண் துறை புவேர்ட்டோ ரிக்கோவில் ஏற்கெனவே வளர்த்துவந்தது. 2010 ஜூலையில் அங்கிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கு (அப்போது அதற்கு வேறு பெயர்) வந்தன. தனிமையில் வைத்துச் சோதித்த பிறகு அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியாக வயலில் விட்டார்கள். மூன்றில் பெருகி நிலைத்துப் பெரும்பாலான வேலையைச் செய்தது அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

அதை வளர்த்த விதம் எனக்குப் பிடித்த பகுதி. குளவி வேண்டுமென்றால் அது தின்ன மாவுப்பூச்சி வேண்டும், மாவுப்பூச்சி வேண்டுமென்றால் அது தின்ன செடி வேண்டும். செடிக்குப் பதில் உருளைக்கிழங்கை முளைவிடச் செய்து, அந்த முளைகள்மேல் பூச்சியை ஏற்றி, அதன்மேல் குளவியை விட்டார்கள். எந்தத் தோட்டத்திலிருந்து மாவுப்பூச்சியை விரட்ட நினைத்தார்களோ அதற்காகவே பெட்டி பெட்டியாக மாவுப்பூச்சி வளர்த்தார்கள்! பிறகு குளவிகளை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். குளவி மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கிற புழு அதைத் தின்றே வளரும். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளில் இதனால் இந்தியாவுக்குக் கிடைத்த நன்மை 52 கோடி முதல் 134 கோடி டாலர்வரை இருக்கும் என்று பின்னர் வந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது.

இரண்டாவது பூச்சியின் கதை இன்னும் பழையது. அது மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தபோது கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவே ஆட்டம் கண்டது. எதிரியைத் தேடிப் போனவர்கள் முதலில் தென்னமெரிக்காவின் வடபகுதியில் அச்சு அசல் அதேபோன்ற பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதன் எதிரிகளைக் கொண்டுவந்து விட்டுப்பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது வேறு இனம். சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்தது, அதன் குளவியும் கூடவே கிடைத்தது. அதே வருடம் நைஜீரியாவில் அந்தக் குளவியை விட்டார்கள். அங்குள்ள இபாதான் நகரில் அந்தத் திட்டத்தை நடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவறான பூச்சிக்குத்தான் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் தென்பட்டது. அங்கிருந்து சேலம், நாமக்கல், தருமபுரி. நீங்கள் எழுதியிருக்கும் கொத்துக் கொழுந்து அதன் அடையாளம்தான். பெங்களூர்ப் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. ஏத்தாப்பூர் உங்களுக்கு எவ்வளவு தூரம் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இது வெறும் காட்டு விவகாரமும் இல்லை. கிழங்கை ஆலைகள் மாவுச்சத்து பார்த்து, புள்ளிக் கணக்கில்தான் எடுக்கின்றன. பூச்சி சாறை உறிஞ்சினால் எடையும் போகும், புள்ளியும் போகும். அப்பாவுக்கு இரண்டு அடி. கிழங்கு வராவிட்டால் சேகோ மில் நிற்கும், மில் நின்றால் களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிற பெண்களுக்குக் கூலி நிற்கும்.

சரி, இவ்வளவு நடந்தும் உங்கள் அப்பாவுக்கு ஏன் தெரியவில்லை? விற்க ஒன்றுமில்லாத மருந்து இது. பாட்டில் கிடையாது, பில் கிடையாது. பக்கத்துக் காட்டில் விட்டால் உங்கள் காட்டுக்கும் பறந்து வரும், காசு கேட்காது. அதனால் எந்தக் கம்பெனியும் இதில் இறங்காது, எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லமாட்டார். அரசுப் பணத்தில் நடக்கிற ஆராய்ச்சி மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. அது நன்றாக நடந்துமுடிந்தால் காட்டில் மிஞ்சுவது ஒன்றுமே இல்லை. பூச்சி இருந்ததே மறந்துபோகும். தோற்ற மருந்துகளின் ரசீது உங்கள் வீட்டில் எங்காவது இருக்கும். ஜெயித்த குளவிக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது.

ஆனால் உங்கள் கோபத்தில் பாதியை நானும் வைத்துக்கொள்கிறேன். 2008இல் கண்ட பூச்சிக்கு 2010இல் குளவி. 2020இல் கண்ட பூச்சிக்கு 2022இல் குளவி. சோதிக்க நாள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவில் முப்பது வருடம் முன்பே நிரூபித்த குளவிக்குமா இரண்டு வருடம்? கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்த மாதங்களில்தான் உங்கள் அப்பா மருந்துக்குக் கடன் வாங்கினார், என் மாமா மல்பெரியைப் பிடுங்கினார். இன்னொன்று, விட்டவர்கள் வந்து சொல்லியிருக்கவேண்டும். உழுகிறவனுக்குத் தன் காட்டில் என்ன பறக்கிறது என்று தெரியாமலிருப்பது அவன் குற்றம் இல்லை.

சீமைக்கருவேலத்தைப் பற்றிய பயம் நியாயமானது. விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று கொண்டுவந்த மரம், ஏரி கண்மாய் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைப் பிடிக்க 1935இல் தேரையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றது. வாயில் போவதையெல்லாம் தின்கிற ஒன்றை எங்கேயும் கொண்டுபோகக்கூடாது என்பதற்கு அதுவே போதும். இந்தக் குளவிகள் அந்த ரகமில்லை. தன் மாவுப்பூச்சி இல்லாத இடத்தில் இவை சந்ததி இல்லாமல் செத்துப்போகும். பூச்சி குறைந்தால் தானும் குறையும், ஆனால் அடியோடு போகாமல் கொஞ்சம் தங்கியிருக்கும்.

அதோடு, இது நம் ஊருக்குப் புதிதே அல்ல. கொங்குப் பக்கம் மாவுப்பூச்சிக்குக் ‘கள்ளிப்பூச்சி’ என்று ஏன் பெயர்? கிழக்கிந்தியக் கம்பெனி, கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்புச் சாயத்துக்கு ஆசைப்பட்டுச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டது. 1795இல் பிரேசிலிலிருந்து சாயப்பூச்சி என்று நினைத்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு பூச்சி. சாயம் தேறவில்லை, ஆனால் கள்ளியைத் தின்று அழித்தது. அதைப் பார்த்துத்தான் 1830களில் தென்னிந்தியாவில் கள்ளிப் புதர்களை ஒழிக்க வேண்டுமென்றே அதைப் பரப்பினார்கள். களைக்கு எதிராகப் பூச்சியை ஏவியதில் உலகத்துக்கே முன்னோடி அது. அது தொடாத நாகதாளி என்ற இன்னொரு வகைக் கள்ளிக்கு 1926இல் இலங்கை வழியாக இன்னொரு பூச்சி வந்தது. உடம்பெல்லாம் வெண்மாவு பூசிய அந்தப் பூச்சியைப் பார்த்த கண்கள்தான் பிறகு வந்த மாவுப்பூச்சிக்கும் அதே பெயரை வைத்தன என்று நினைக்கிறேன். ஆக, கள்ளிப்பூச்சி ஒரு காலத்தில் நமக்கு வேலை செய்தது, இன்னொரு காலத்தில் நம்மைப் படுத்தியது.

எல்லாப் பூச்சிக்கும் இப்படி ஒரு குளவி கிடைக்கும் என்று சொல்லவரவில்லை. வெளியிலிருந்து எதிரி இல்லாமல் வந்து சேர்ந்த பூச்சிக்கு இந்த வழி நன்றாகப் பலிக்கும். இங்கேயே பிறந்து இங்கேயே தொல்லை தருபவற்றுக்கு வேறு பாடுபடவேண்டும்.

உங்கள் அப்பாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பூச்சி விழுந்த காட்டிலிருந்து கரணை வாங்க வேண்டாம். இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் விதைக்குச்சியில் ஒட்டிக்கொண்டுதான். கொழுந்தில் கொஞ்சம் வெள்ளை தெரிந்ததும் மருந்துக்கடைக்குப் போகவும் வேண்டாம்; அடித்தால் முதலில் சாவது குளவி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்படி வெள்ளை தெரிகிற ஒரு கொழுந்தைக் கிள்ளி, இலையைத் திருப்பிப் பாருங்கள். செல்போன் கேமராவில் பெரிதாக்கினால் போதும். மாவு உதிர்ந்து, பழுப்பு நிறத்தில் உப்பி, கட்டையாகச் செத்துக்கிடக்கும் பூச்சிகள் சில இருக்கலாம். அவற்றின் உடம்பில் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை இருந்தால், குளவி வெளியே போன வாசல் அது. அப்பாவிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.