மனச்சிதைவு உள்ள முதியவரும் கைபேசியும்: எல்லையோரக் கேள்விகள், பதில்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவை. அறுபதைத் தாண்டி, பல வருடமாக மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரை எடுப்பவர்களைப் பற்றியவை மட்டும். பதில் சொல்பவர் மனநலச் சமூகப் பணியாளர்.

அம்மாவுக்கு 67 வயசுங்க. குரல் கேக்கறது இப்போ ரொம்பக் குறைஞ்சிருச்சு. ஆனா குளிக்க, பேச, வெளிய போக, எதுக்குமே மனசு வரமாட்டேங்குது. போன்லயே தெரபி இருக்குன்னு சொல்றாங்க. எந்த ஆப் போடட்டும்?

ஆப்பை ஓரமாக வையுங்கள். மாத்திரை குரலை அடக்கும். இந்த மந்தத்தை அவ்வளவாகத் தொடாது. இதற்கு வேண்டியது திறன் பயிற்சி. நடுவயதினருக்கும் முதியவருக்கும் என்றே அமெரிக்காவின் சான் டியேகோவில் இரண்டு பயிற்சிகள் உருவாயின. ஒன்று மாத்திரை, பணம், பேருந்துப் பயணம், பேச்சு போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குவது. இன்னொன்று அதோடு எண்ணங்களைச் சோதிக்கவும் கற்றுக்கொடுப்பது. வாரம் ஒன்றாக 24 வகுப்புகள், அதாவது ஏறக்குறைய அரை வருடம். இரண்டாவது பயிற்சியைப் பற்றி 2005இல் வெளிவந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்களின் அன்றாடச் செயல்பாடு கூடியது. நோய்க்குறிகள் பெரிதாகக் குறையவில்லை. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசிக்கு இதில் மூன்று வேலைதான்: பயிற்சியாளரை வீட்டுக்குக் கொண்டுவருவது, நினைவூட்டுவது, இரண்டு வகுப்புக்கு நடுவில் பழக்கத்தை விடாமல் வைப்பது.

அம்மாவே தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு குறிக்கோள் போதும். பால் சொசைட்டிக்குப் போய் வருவது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் தூக்குப்போசியோடு வாசல் கேட் வரை. இரண்டாம் வாரம் உங்களோடு சொசைட்டி வரை, பேச வேண்டியதில்லை. மூன்றாம் வாரம் அளவுக்காரரிடம் "எத்தனை லிட்டருங்க?" என்று ஒரே கேள்வி. தினமும் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால், அதே நேரத்தில், அதே ஆள் போன் செய்ய வேண்டும். ஒரு படி இரண்டு வாரமாக நடக்கவில்லை என்றால் அம்மா சோம்பேறி என்று அர்த்தம் இல்லை. படி உயரம், இரண்டாக உடையுங்கள்.

வீடியோ கால்ல பத்து நிமிஷம்கூட அப்பா உக்கார மாட்டேங்கறார்.

ஐம்பது நிமிட வகுப்பை இவர்களுக்கு அப்படியே வைத்தால் எழுந்துதான் போவார்கள். 20, 25 நிமிடமாக்கி வாரம் இரண்டு முறை வையுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு விஷயம். கடைசி ஐந்து நிமிடம் அதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அவர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்று சோதியுங்கள். கைபேசியைக் கையில் கொடுக்காதீர்கள், சொம்பில் சாய்த்து கண் மட்டத்தில் வையுங்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பயிற்சியாளருக்கு அவர் முகம் கருப்பாகத்தான் தெரியும். திரையில் தன் முகமே தெரிவது பலரைத் தொந்தரவு செய்யும்; அந்தச் சின்னக் கட்டத்தை மறைக்க வழி இருந்தால் மறையுங்கள், இல்லாவிட்டால் மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். காது மந்தம் என்றால் முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா பாருங்கள். குரல் கேட்பவருக்கு இயர்போனைவிட ஸ்பீக்கரே மேல் என்பேன். காதுக்குள்ளேயே பேசும் குரல் எது, போன் குரல் எது என்று சிலருக்குக் குழம்பும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நடுவீட்டில் கேரளா டவர், திண்ணையில் தமிழ்நாடு டவர் என்று மாறி மாறிப் பிடித்து கால் அறுந்துவிடும். எந்த இடத்தில் நிலையாக இருக்கிறதோ அங்கேயே நாற்காலியைப் போடுங்கள். அறுந்தால் யார் திரும்ப அழைப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் "என்மேல கோபத்துல வச்சுட்டாங்க" என்று அப்பா நினைத்துக்கொள்வார். இரண்டு முறை அறுந்தால் வீடியோவை விட்டுவிட்டுச் சாதாரண காலில் முடியுங்கள்.

மாத்திரைக்கு அலாரம் வச்சோம். அமத்திட்டுப் படுத்துக்கறார்.

அவர் ஏமாற்றவில்லை. அலாரம் அடிப்பதற்கும் மாத்திரையை எடுப்பதற்கும் நடுவில் உள்ள அரை நிமிடத்தில் நினைவு நழுவுகிறது. இந்த நோயில் அந்த வகை நினைவு அடிபடுவதுண்டு, வயதும் சேர்ந்துகொள்ளும். போன் தலைமாட்டில், மாத்திரை அலமாரியில் என்றால் எந்த அலாரமும் தோற்கும். போன், ஏழு நாள் மாத்திரை டப்பா, ஒரு டம்ளர் தண்ணீர், மூன்றும் ஒரே தட்டில், படுக்கும் இடத்திலிருந்து நாலடி தள்ளி. அலாரத்தை நிறுத்த எழுந்து வந்தால் மாத்திரை கண்ணில் படும். சத்தம் மணியாக இருக்கட்டும். "மாத்திரை சாப்பிடு" என்று பதிவு செய்த மனிதக் குரல் வேண்டாம், காரணம் மேலே சொன்ன குரல் குழப்பம்தான்.

டப்பாவை ஞாயிறுதோறும் ஒரே ஆள் நிரப்ப வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் வாங்கினால் கவரில் மலையாளத்தில் எழுதியிருக்கும், தமிழ் மட்டும் படித்தவருக்கு அது வெறும் கோடு. சூரியன், நிலா வரைந்து ஒட்டுங்கள். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தினமும் காலியான குழியின் போட்டோ போதும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். க்ளோசபின் (மனச்சிதைவுக்கான ஒரு மருந்து) எடுப்பவர் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டிருந்தால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது.

கை நடுக்கம், எழுத்து மங்கலாத் தெரியுதுங்கறாங்க. போனைத் தொட்டா வேற எங்கியோ போகுது.

போனில் எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். அணுகல்தன்மை அமைப்பில் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்பதை நீளமாக வையுங்கள். முகப்பில் போட்டோவோடு மூன்று பேர் மட்டும், மற்றதெல்லாம் எடுத்துவிடுங்கள். விரல் காய்ந்திருந்தால் திரை உணராது, லேசாக ஈரத்துணியில் துடைக்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் சரிவராவிட்டால் பட்டன் போனே நல்லது, அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

மருந்துச் சீட்டையும் பாருங்கள். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். விறைப்பு, நடுக்கத்துக்காகக் கொடுத்தது. அதுவே முதியவருக்குக் கிட்டப் பார்வையை மங்கலாக்கும், வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், நினைவை மந்தமாக்கும். பயிற்சி ஏறவில்லை என்று நாம் சலித்துக்கொள்ளும் பாதி இடத்தில் காரணம் இதுவாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்; "இது இன்னும் வேணுமா, குறைக்கலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

போன் தன்னை வேவு பாக்குதுங்கறார் மாமா. நாங்க லொகேஷன் போட்டு வச்சிருக்கறது அவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை. முதலில் அவரிடம் சொல்லுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சம்மதியுங்கள், கால் வரும்போது அவரே எடுக்கட்டும். ஆள் இல்லாமல் பேசும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் இந்த வீட்டுக்கு வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரங்க தன்னைப் பத்தியே பேசறாங்கன்னு தினமும் போன்ல அழறாங்க பெரியம்மா. இல்லைன்னு எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்லை.

"இல்லை" என்பதும் "ஆமாம்" என்பதும் இரண்டுமே வேலைக்காகாது. பிடி, சோதி, மாற்று என்று மூன்று படி. அவர் எண்ணத்தை அவர் வார்த்தையிலேயே பிடியுங்கள்: "சிரிச்சாங்க, என்னைப் பத்தித்தான்." பிறகு சோதிக்கும் கேள்வி: அந்நேரம் வேறு யார் இருந்தார்கள், உங்கள் பெயர் காதில் விழுந்ததா, சிரிக்க வேறு காரணம் இருக்குமா? மாற்று எண்ணம் அவர் வாயிலிருந்தே வரட்டும்: "டிவி பாத்துச் சிரிச்சிருக்கலாம்." அதை அவர் குரலிலேயே பதினைந்து நொடி பதிவு செய்யுங்கள், மனம் கலங்கும்போது தானே போட்டுக் கேட்பார். பதிவு செய்த குரல் வேண்டாம் என்று மேலே சொன்னதுக்கு இது விலக்கு: தன் குரல், தானே அமுக்கிக் கேட்பது. அழுகை உச்சத்தில் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு வேறு பேச்சு.

ரெண்டு நாளா ராத்திரியில சுவத்துல எறும்பு போகுதுங்கறார், எங்களையே அடையாளம் தெரியலை. காலையில சரியாயிடறார். கவுன்சலிங் கால் எப்ப போடலாம்?

போடாதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சில நாளில் திடீரென வந்து, மாலையில் கூடி, காலையில் தெளியும் குழப்பம் பழைய நோய் திரும்பியதாக இருக்க வாய்ப்பு குறைவு. சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, சோடியம் குறைவு, புது மாத்திரை, விழுந்து தலையில் அடி, இவற்றைத்தான் தேட வேண்டும். எல்லா மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

வீடு கேரளாவுல, ஆதார் தமிழ்நாட்டுல. எந்த நம்பருக்குக் கூப்பிடறது?

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க இயங்குகிறது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாத்தையும் வீடியோவுலயே முடிக்க முடியாதா?

முடியாது. க்ளோசபின் தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்தாக வேண்டும். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு புதுக்கோட்டையில் காணொலி மனநலச் சிகிச்சை நடத்தியபோது பேருந்துக்குள்ளேயே மருந்தகத்தையும் வைத்து ஊர் ஊராக அனுப்பியது, கூடவே உள்ளூர்ப் பணியாளர்களும் இருந்தார்கள். திரையில் மருத்துவர், கையில் மாத்திரை, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள், மூன்றும் இருந்தால்தான் ஓடும்.

சிபிஐன்னு சொல்லி வீடியோ கால்ல மிரட்டிட்டாங்க. அப்பா அறைய விட்டே வெளிய வரமாட்டேங்கறார்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அப்பாவிடம் "இது உங்க நோய் இல்லை, நிஜமாவே ஏமாத்துக்காரங்க, நிறையப் பேருக்கு வந்திருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதையும் சந்தேகத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டால் அடுத்த முறை சொல்லவே மாட்டார். போனில் தெரியாத எண்களை ஒலிக்காமல் செய்யுங்கள். யூபிஐ வேண்டுமென்றால் ஐநூறு, ஆயிரம் மட்டும் உள்ள தனிக் கணக்கில் இருக்கட்டும்.