ஏழாவது வாரத்துலயே வலி போயிடுச்சு, அப்பா டீக்கடைக்குப் போகலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயசு, டீ மாஸ்டர். வலது தோள்ல ஜவ்வு கிழிஞ்சு சாவித்துவார ஆபரேஷன் பண்ணி 7 வாரம் ஆச்சு. சுகர் இருக்கு. வலி இல்லன்னு கடைக்குக் கிளம்புறார், ஆனா கை தானா மேல வரல. எண்ணெய் போட்டு இழுத்துவிட்டா சரியாகும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. பிசியோ கைய ஆட்ட மட்டும்தான் சொல்றார். என்ன டாக்டர் செய்யறது?

பதில்: தயவுசெஞ்சு அப்பாவ இப்போ டீ ஆத்த விடாதீங்கம்மா. வலி போனதுக்குக் காரணம் உள்ள இருந்த வீக்கம் வத்தினதுதான், ஜவ்வு ஒட்டிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கிழிஞ்ச நார, அதான் அந்த ஜவ்வ, எலும்புல திருகு மாதிரி குட்டி ஆங்கர் வச்சு நூலால கட்டியிருக்காங்க, இப்போதைக்கு அந்த நூல்தான் பெரும்பாலும் தாங்குது, நார் எலும்போட ஓரளவு பிடிக்கவே மூணு மாசம் ஆகும், அங்க ரத்த ஓட்டம் கம்மி, சுகர் இருந்தா இன்னும் மெதுவாத்தான் ஆறும். நான் ரொம்பப் பயப்படுறது இந்த ஆறுல இருந்து பன்னெண்டு வாரத்துக்குத்தான், ஏன்னா வலி இருக்காது, ஆளு தைரியமாயிடுவார். டீ ஆத்தும்போது வலது கை தலைக்கு மேல போகும்ல, நீட்டின கையில ஒரு லிட்டர் டீ இருந்தாலும் தோள் நாருக்கு அது பல மடங்கு பாரம். மறுபடி அறுந்தா ரெண்டாவது தையல் முதல் தையல் மாதிரி நல்லா நிக்கிறது கஷ்டம். ஆனா கை இறுகிப்போனா அதைப் பொறுமையா சரிபண்ணிடலாம்.

பிசியோ சொல்றது சரிதான், ஆனா பலபேர் அதைத் தப்பா செய்றாங்க. இடது கைய டேபிள்ல ஊணி குனிஞ்சு நிக்கணும், வலது கை துணி மாதிரி தொங்கணும், ஆடவேண்டியது இடுப்பும் உடம்பும், அந்த ஆட்டத்துல கை தானா ஆடணும், கையே ஆட்டினா தசை இழுத்துடும். நீங்க பக்கத்துல நின்னு ஒருதடவை பாருங்க. சர்ஜன் சரின்னு சொன்னதும் இடது கை உதவியோட குச்சி, கப்பி எக்சர்சைஸ், அப்புறம் அவர் சொல்ற நேரத்துல தானா தூக்குறது. ரப்பர் பேண்ட் வச்சு பலம் ஏத்துறது பொதுவா 12 வாரத்துக்கு அப்புறம்தான். கை இப்போ தூக்க வரலன்னு பயப்படாதீங்க, இந்த நேரத்துல அது சகஜம். எண்ணெய் போட்டு இழுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடைய விட்டு இருக்க முடியலன்னா சர்ஜன்கிட்ட கேட்டுட்டு கல்லாவுல உக்காரட்டும், முழங்கை விலாவ ஒட்டியே இருக்கணும். பால் குண்டாவ தொடக்கூடாது, பஸ்ல கம்பிய இடது கையால பிடிக்கணும், சேர்ல இருந்து வலது கைய ஊணி எழக்கூடாது. ராத்திரி முழங்கைக்கு அடியில தலகாணி வச்சு கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி படுத்தா தூக்கம் வரும். பீடி, சிகரெட் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, நார் ஒட்டுறத அது கெடுக்கும். ஆத்துற வேலைக்கு ஆறு மாசம் வரைக்கும்கூட ஆகலாம், கிழிசல் எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு அடுத்த ரிவ்யூல சர்ஜன்கிட்ட கேளுங்க, அதை வச்சுத்தான் நாள் சொல்லமுடியும்.

திடீர்னு டப்புனு சத்தம் கேட்டு கை பலம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல்ல நீர் கசிஞ்சாலோ ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காம அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.