நிலாவின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸின் தளபதி நிசியாஸ், சிசிலித் தீவின் மேல் படையெடுப்பே வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவர். உடம்புக்கு முடியாத நிலையிலும் படை நடத்தினார். கடைசியில் ஒரு சந்திர கிரகணம் அவரைக் கவிழ்த்துவிட்டது. அவரைத் துன்பியல் நாயகன் என்பதுதானே நியாயம்?
(ஒரு வாசகர், தென்காசி)

பதில்: பாவம் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். நாயகன் என்பதில்தான் தகராறு.

தடுத்தார், சரி. எப்படித் தடுத்தார்? கி.மு. 415இல் மக்கள் சபையில் எழுந்து, போவதென்றால் பெரும் படை வேண்டும் என்று கணக்கை ஏற்றிச் சொன்னார். செலவைக் கேட்டு ஜனம் பின்வாங்கும் என்று நினைத்தார். ஜனமோ கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டது. முதலில் பேசியது 60 கப்பல்; கிளம்பியது 134. போக வேண்டாம் என்றவரே படையைப் பெருக்கிக் கொடுத்தார்.

நோயில் கிடந்தபடி, என்னை விடுவியுங்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். ஏதென்ஸ் விடவில்லை. அதில் அவர்மேல் தப்பே இல்லை.

கிரகணத்துக்கு வருவோம். அதற்கு முன்பே, உதவிப்படையோடு வந்த டெமாஸ்தனிஸ் (அதே பெயர்கொண்ட பிரபல பேச்சாளர் இல்லை, இவர் தளபதி) சிசிலியின் சிராக்யூஸ் நகரத்தார்மேல் நடத்திய இரவுத் தாக்குதல் தோற்றதும், உடனே கிளம்பலாம் என்றார். நிசியாஸ் மறுத்தார். எதிரியிடம் பணம் தீர்ந்துவருகிறது என்று அவருக்கு உளவு வந்தது உண்மைதான். ஆனால் அவரே சொன்ன இன்னொரு காரணம் இருக்கிறது: ஊருக்குப் போய் வீண்பழியில் சாவதைவிட எதிரி கையில் சாவது மேல். சாகட்டும்! கூட இருந்த பல்லாயிரம் பேரைக் கேட்டாரா?

ஒருவழியாகச் சம்மதித்த பிறகுதான், கி.மு. 413 ஆகஸ்ட் 27இல் கிரகணம் வந்தது. குறிசொல்பவர்கள் 27 நாள் நகரக் கூடாது என்றார்கள். சிப்பாய்களும் பயந்தார்கள். பயப்படாமல் இருக்க வேண்டியவர் ஒருவர்தானே? தப்பி ஓடுகிறவனுக்கு இருட்டு நல்ல சகுனமாயிற்றே என்று பின்னாளில் ஒருவர் சொன்னதை, நிசியாஸின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் குறித்து வைத்திருக்கிறார். அந்த இடைவெளியில் எதிரி துறைமுகத்தின் வாயை அடைத்துவிட்டான்.

அப்புறம் நடந்ததைப் படிக்க மனசு வராது. காயம்பட்டவர்கள் கதறக் கதற விட்டுவிட்டு 40,000 பேர் நடந்தார்கள். அசினாரஸ் ஆற்றில், ரத்தமும் சேறும் கலந்த தண்ணீருக்கு அடித்துக்கொண்டு செத்தார்கள். அங்கேதான் நிசியாஸ் சரணடைந்து, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், இவர்களை வெட்டுவதை நிறுத்துங்கள் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை மதிக்கிறேன். சில வாரம் முன்பே சொல்லியிருக்கலாம். பிடிபட்டவர்கள் 7,000 பேருக்கும் மேல். கல்குவாரியில் நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீரில் கிடந்து மடிந்தார்கள்.

இந்தக் கதிக்கு அவர் சற்றும் தகுதியானவர் அல்ல என்று அந்தப் போரின் சரித்திரத்தை எழுதிய துசிடிடீஸே சொல்லியிருக்கிறாரே என்பீர்கள். துசிடிடீஸும் ஒரு தளபதி. ஓர் ஊரைக் காக்கத் தவறியதற்காக ஏதென்ஸ் விரட்டிவிட்டவர். ஊருக்குத் திரும்பப் பயந்த மனிதர்மேல் அவருக்கு இரக்கம் வராமல் இருக்குமா?

கிளம்பிவிடலாம் என்று அன்றே சொன்ன டெமாஸ்தனிஸையும் சேர்த்தேதான் கொன்றார்கள். அவருக்காக இதுவரை யாரும் எனக்குக் கேள்வி அனுப்பவில்லை.