‘வேண்டாம்’ என்று சொல்லும் வள்ளக்காரரைத் தேடுங்கள்

கேள்வி: என் கொழுந்தன் குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே தனியாக ஒரு போட் வாடகைக்கு எடுத்து ஆழ்கடலில் மீன் பிடித்தாராம். பிள்ளைகளுக்கு ஜூலையில்தான் லீவு. ஊருக்கு வரும்போது கேரளத்து விழிஞ்ஞத்தில் இருந்து அதேபோல் ஒரு வள்ளம் எடுத்துப் போகலாம் என்கிறார். மொத்தம் 9 பேர். 71 வயது மாமனாரும் 6 வயதுப் பையனும் அதில் சேர்த்தி. ஒருவரிடம் பேசியாயிற்று, முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால், “உனக்கு எல்லாத்துக்கும் பயம்தான்” என்று வீட்டில் கேலி. நான் தடுப்பது தப்பா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, களியக்காவிளை.

பதில்:

தப்பில்லை. ஆனால் “போகவே கூடாது” என்று நின்றீர்களானால் தோற்றுப்போவீர்கள். “ஜூலையில் வேண்டாம், 9 பேர் வேண்டாம், முழுப் பணம் முன்னால் வேண்டாம்” என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். இதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது.

நான் கடற்கரையில் பிறந்து மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா வள்ளத்தில் போனவர். விடியற்காலை நாலு மணிக்குக் கரையில் நின்று ஒரு பீடி பற்ற வைப்பார். பீடி தீரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார். சில நாள் கடைசி இழுப்பை இழுத்து, கட்டையை மணலில் குத்தி அணைத்துவிட்டு, “இண்ணு வேண்டாம் மக்கா” என்று திரும்பிவிடுவார். எங்கள் கண்ணுக்குக் கடல் நேற்று இருந்ததுபோலத்தான் இருக்கும். அம்மா ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அன்றைக்குக் கடன் அரிசி என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு ‘வேண்டாம்’ என்ற சொல்லின் விலை, அவருடைய ஒரு நாள் வருமானம்.

வாடகை வள்ளத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது இந்த ‘வேண்டாம்’தான். முழுப் பணத்தையும் முன்னால் வாங்கியவர் அதில் மண்ணெண்ணெய் வாங்கியிருப்பார், ஐஸ் வாங்கியிருப்பார், மிச்சத்தைக் கடன்காரரிடம் கொடுத்திருப்பார். காலையில் கடல் சரியில்லை என்று தோன்றினாலும் அவர் வாயில் அந்தச் சொல் வராது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பிக் கொடுக்கக் கையில் பணம் இருக்காது, அவ்வளவுதான்.

அதனால் பேச்சை இப்படி மாற்றச் சொல்லுங்கள். வாடகையில் கால் பங்கு முன்பணம். காலையில் அவர் “இன்றைக்கு வேண்டாம்” என்றால் அந்தக் கால் பங்கு அவருக்கே, திருப்பிக் கேட்க மாட்டோம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மீதி முக்கால், கரை திரும்பிய பிறகு. உங்கள் கொழுந்தன் இதை ஏமாளித்தனம் என்பார். அந்தக் கால் பங்குதான் உங்கள் குடும்பத்துக்கான இன்ஷூரன்ஸ் என்று சொல்லுங்கள்.

ஜூலைக்கு வருவோம். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை 31 வரை. “வள்ளத்துக்குத் தடை இல்லையே” என்று அந்த ஆள் சொல்லுவார், அது உண்மைதான். இன்னொன்றும் உண்மை: மற்ற கரைகளில் அலை அடித்து வள்ளம் இறக்க முடியாத தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில்தான் விழிஞ்ஞம் களைகட்டும். இயற்கையாக அமைந்த குடா அது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வள்ளத்தோடு வந்து அங்கே தங்கித் தொழில் செய்வார்கள். அதனால் ‘ஜூலையில் யாருமே கடலுக்குப் போவதில்லை’ என்று மட்டும் வாதாடாதீர்கள், உடனே மாட்டிக்கொள்வீர்கள். போகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வயதில் இருந்து அந்த அலையில் நின்று பழகிய கால்கள் அவை. உங்கள் மாமனாருடையதும் பேரனுடையதும் அப்படிப்பட்ட கால்கள் இல்லை.

ஷார்ஜாவை வைத்து நம் கடலை எடைபோடுவதுதான் உங்கள் கொழுந்தன் செய்யும் பிழை. பாரசீக வளைகுடா மூன்று பக்கமும் கரை சூழ்ந்த கடல். சராசரி ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு. நம் கரை அப்படி இல்லை. கன்னியாகுமரி முனைக்குத் தெற்கே அண்டார்டிகா வரை குறுக்கே பெரிய கரை கிடையாது. அங்கே எங்கோ தெற்கில் வீசிய புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து ஏறும், அதுவும் காற்றே இல்லாத வெயில் நாளில். இதைத்தான் நம் பக்கம் கள்ளக்கடல் என்கிறோம். கள்ளனைப்போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் படகில்கூட ஏறவில்லை, கரையோரத்தில்தான் இருந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. வானிலைத் துறையும் மீனவர்களுக்குத் தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. முந்தின நாள் இரவு இரண்டையும் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

அப்படியானால் எப்போது? வளைகுடாப் பள்ளிகளுக்கு டிசம்பரிலும் லீவு உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டை ஒட்டி வரச் சொல்லுங்கள். டிசம்பர் கடைசியில் இருந்து மார்ச் வரை இந்தக் கரை பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஓகி புயல் வந்தது 2017 நவம்பர் 30. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இன்றைக்கும் அந்தத் தேதியை யாரும் நாள்காட்டி பார்த்துச் சொல்வதில்லை. கிழமை விஷயத்திலும் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை கேட்காதீர்கள். இந்தக் கரையில் கத்தோலிக்க ஊர்களில் அன்று தொழிலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஊர்க்கட்டுப்பாட்டை மீறி, துணைக்கு வேறு வள்ளம் இல்லாத கடலுக்கு உங்களைக் கூட்டிப்போகிறார் என்று அர்த்தம்.

இனி வள்ளம். ஃபைபர் வள்ளம் என்பது மீன்பிடிக்கக் கட்டியது. பதிவும் உரிமமும் மீன்பிடிக்கத்தான். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும். அரசின் மீனவர் விபத்துக் காப்பீடும் பதிவு செய்த மீனவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. ‘எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்’ என்பார்கள். ஒன்றும் நடக்காதவரை சரிதான். பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகு எது என்று விழிஞ்ஞத்துத் துறைமுக அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நம் பக்கம் என்றால் மீன்வளத்துறை அலுவலகம். அரை நாள் அலைச்சல்தான்.

உயிர்காக்கும் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினைந்து வருடத்துக்கு முன் சென்னையில் இருந்து வந்த சித்தி பிள்ளைகள் அடம்பிடித்ததில் ஒரு வள்ளம் எடுத்தோம். எந்த ஊர், யார் என்பது இப்போது வேண்டாம். முழுப் பணமும் முன்னாலேயே கொடுத்தாயிற்று. கரை மங்கலாகத் தெரியும் தூரத்தில் எஞ்சின் நின்றுபோனது. கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், இருமுகிறது, பிடிக்கவில்லை. இரண்டாவது எஞ்சின் கிடையாது. ஜாக்கெட் எங்கே என்று கேட்டோம். அணியத்துக்கு, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்துக்குக் கீழே, வாங்கிய பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல், நைலான் கயிற்றால் மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. முடிச்சு உப்பில் இறுகிக் கல்லாகியிருந்தது. இரை வெட்டும் கத்தியை வாங்கி அறுத்தேன். பத்துப் பேருக்கு ஆறு ஜாக்கெட். பிள்ளைகள் அளவில் ஒன்றுகூட இல்லை. நாலு மணி நேரம் கழித்து வேறொரு வள்ளம் கயிறு போட்டு இழுத்து வந்தது. அந்த நாலு மணி நேரத்தில் நான் என் சித்தியிடம் என்ன சொல்லுவது என்பதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ஆளுக்கொரு ஜாக்கெட். கரையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். பையனுக்கு அவன் அளவில், தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வழியாகக் கழன்று வராததாக. இரண்டு எஞ்சின். விஎச்எஃப் வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று அங்கேயே பேசிக் காட்டச் சொல்லுங்கள். கரையை விட்டு விலகினால் செல்போன் பொம்மைதான். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. இரண்டையும் கரையில் இருப்பவர் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, யார் யார் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கட்டும். எல்லோருடைய ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். மாநில எல்லைக் கடல் அது, வெளியாட்கள் இருந்தால் போலீஸ் கேட்கும். 2024 ஜூலையில் இருந்து விழிஞ்ஞத்துக்குப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வருகின்றன; அவை போகும் வழியில் வள்ளத்தை நிறுத்தித் தூண்டில் போடும் ஆள் வேண்டாம்.

9 பேர் என்பதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தூண்டில் போட்டு, கையை வீசி இழுக்க இடம் வேண்டாமா? நீங்கள் நாலு பேர், வள்ளக்காரர்கள் இரண்டு பேர். மாமனாரும் பையனும் துறைமுகத்தில் ஐஸ் பெட்டியோடு காத்திருக்கட்டும். அந்த வள்ளத்தில் கழிப்பறை கிடையாது, நிழலும் கிடையாது. இதை ஆண்கள் யாரும் யோசிக்க மாட்டார்கள். 71 வயதில் மணிக்கொரு தரம் எழ வேண்டியவருக்கும் அது கஷ்டம்தான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

ஐந்து மணிக்குக் கிளம்பி பதினோரு மணிக்குள் கரை சேர்ந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கடல்காற்று வலுக்கும், அலை குட்டி குட்டியாக நுரைக்கத் தொடங்கும். யூடியூப் பார்த்துவிட்டு “வெட்ஜ் பேங்க் போகலாம்” என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அது முனைக்குத் தெற்கே 50 மைல் அளவில் இருக்கிறது, நாள்கணக்கில் தங்குகிற போட்டுகளின் இடம். அரை நாளில் கரைக்குப் பக்கத்துப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கலவா மீன் கிடைக்கும், ஓடுகிற வள்ளத்தின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போனால் பாரையோ நெய்மீனோ கொத்தும். ஷார்ஜாவில் கிங்ஃபிஷ் என்று அவர் பிடித்தது இந்த நெய்மீன்தான். அங்கே ராடும் ரீலும். இங்கே கைக்கயிறு. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி ஆள்காட்டி விரலில் மாட்டித் தருவார்கள், போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய மீன் கொத்தி ஓடும்போது கயிறு விரலை அறுத்துவிடும்.

மீன் யாருக்கு என்பதையும் கரையிலேயே பேசி முடியுங்கள். வழக்கம் என்னவென்றால், கூட வந்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விடுவது உங்கள் கொழுந்தனுக்குப் பழக்கமாக இருக்கலாம். பத்துக் கிலோ நெய்மீனைத் தண்ணீரில் விடுகிறவரை நம் வள்ளக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தாலே சிரிப்பாக இருக்கிறது. ஆமை, வேளா (ரம்பம்போல மூக்குள்ள மீன்), திமிங்கலச் சுறா தூண்டிலில் பட்டால் மட்டும் பேச்சே இல்லை, கயிற்றை அறுத்து விட்டுவிட வேண்டும். வனவிலங்குச் சட்டப்படி கேஸ் வரும்.

சூரையும் கேரையும் (இரண்டும் டூனா வகை) விழுந்தால் ஒரு எச்சரிக்கை. வள்ளத்தின் தட்டில் விழுந்ததும் செண்டை மேளம்போல வாலால் அடிக்கும், எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள், மீன் வெயிலில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் ஊறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். பிடித்த உடனே செவுளைக் கீறி ரத்தம் வடித்து ஐஸில் புதைக்க வேண்டும். மீன் எத்தனை கிலோவோ ஐஸும் அத்தனை கிலோ.

ஜூலையில் வருகிற பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். பூவாறில் நெய்யாற்றுக்குள், ஆறு கடலில் சேரும் பொழிமுகம் பக்கம் போகாமல், காயலிலேயே தூண்டில் போடலாம். ஒரு நாள் காலை விழிஞ்ஞத்து ஏலத்துக்குக் கூட்டிப்போங்கள். மழைக்காலத்தில் கணவாய் வந்து இறங்குவதைப் பார்த்தாலே பையன் வீடு திரும்ப மாட்டேன் என்பான்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கொழுந்தன் போக விரும்புகிறார், மாமனார் வருகிறார், பையன் வருகிறான். நீங்கள் போக ஆசைப்படுகிறீர்களா என்று ஒரு வரிகூட இல்லை. ஆசை இருந்தால் அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருங்கள். கடல்சொருக்கு, அதாவது அலையில் வரும் தலைசுற்றலும் குமட்டலும் வரும், எனக்கு இன்றைக்கும் வரும். முந்தின இரவு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். காலையில் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறு கூடாது. அவோமின் மாதிரி மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள்; தூக்கம் வரும். வள்ளத்தின் நடுவில், எஞ்சின் புகை முகத்தில் அடிக்காத பக்கம் உட்கார்ந்து, கரையோரத் தென்னைகளின் மேல் கண்ணை வையுங்கள். போனைப் பார்க்காதீர்கள்.