இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு. 'நல்ல பாக்டீரியா' பொடி கொடுத்தால் நிற்குமா? பித்த அமிலம் என்கிறார்களே, அது என்ன?

பொடியை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, ஒரு அம்மா. "நீ யார் இதைச் சொல்ல?" என்று வருகிறவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம்.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு தண்ணீராகவே போனது. அடிப்பக்கம் தோல் உரிந்து, துடைக்கக் கை வைத்தாலே அலறுவான். பல் முளைக்கிறது என்றார்கள், நான் சாப்பிட்டது சேரவில்லை என்றார்கள். (அவன் அப்பா என்ன சாப்பிட்டார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.)

குழந்தைகளுக்கான குடல் மருத்துவர்தான் புரியவைத்தார். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. அதில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பகுதி இல்லாவிட்டால் அமிலம் பெருங்குடலுக்குள் இறங்கும். அங்கே நீர் சுரந்து பேதியாகும். தோலை அரித்ததும் அதே அமிலம்தான்.

பாக்டீரியா வருவது இங்கேதான். பெருங்குடலில் உள்ள சில கிளாஸ்ட்ரிடியம் வகைகள் பித்த அமிலத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. பிறந்த குழந்தைக்கு அவை அநேகமாக இருக்காது, முதல் சில வருடங்களில் மெல்லக் குடியேறும். அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் குடியேறியதும் குறையும். பொடிகளில் பெரும்பாலும் இருப்பது லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும்; இந்த மாற்றும் வேலை அவற்றுக்குத் தெரியாது. குடல் பாக்டீரியா முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். மலத்தைப் பரிசோதித்து வண்ண வண்ணமாக அறிக்கை தரும் ஒரு நிறுவனத்துக்கு நாங்களும் பணம் கட்டினோம். மருத்துவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடை அட்டையைக் கேட்டார்.

உங்கள் குழந்தைக்கு அறுவை எதுவும் நடக்கவில்லை என்றால் கதை வேறாக இருக்கலாம். நன்றாக வளர்ந்து, ஓடியாடி விளையாடிக்கொண்டே நாளுக்கு நாலைந்து முறை இளகலாகப் போகும் சின்னக் குழந்தைகள் நிறைய உண்டு. பழச்சாற்றைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகும், பள்ளி வயதுக்குள் தானாகவும் நின்றுவிடும். ஆனால் எடை ஏறவில்லை, மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுந்து போகிறது என்றால் பொடியை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

என் மகனுக்குக் கேட்டது கொலஸ்டிரமின், பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் மற்ற மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எங்களுக்குக் கிடைத்ததோ பெரியவர்களுக்கான 4 கிராம் பொட்டலம். மணல் மாதிரி நறநறக்கும் அதைத் தினமும் பிரித்து, எடை போட்டு, மீதியைக் கொட்டினேன். குழந்தைக்கென்று ஒரு சின்னப் பொட்டலம் போட என்ன கேடு இவர்களுக்கு?