உதிரும் நாடா

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கியின் 'தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்' கேட்டேன். முதல் பகுதி ஒரு மணி நேரமும் ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. இதைக் கேட்டு அழுதோம் என்கிறார்களே, எப்படி?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: துண்டு ஒன்றுதான், ஆனால் அது அப்படியே இருப்பதில்லை. 1980களில் பதிவு செய்த ஒலிநாடாக்களை 2001இல் அவர் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றினார். ஓட ஓட, நாடாவில் பூசியிருந்த இரும்பு ஆக்சைடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் ஒலி இல்லை. அவர் நிறுத்தாமல் ஓடவிட்டார். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த செப்டம்பர் 11 மாலை, புரூக்ளின் மொட்டைமாடியிலிருந்து மன்ஹாட்டன் புகையைப் படமெடுத்து, இந்த இசையோடு சேர்த்தார். பலர் அழுததற்கு அதுவும் காரணம்.

எனக்கு அந்தக் கதை தெரியும் முன்பே தொண்டை அடைத்தது. முதல் தடவை பத்து நிமிடத்தில் நானும் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டேன். போகப் போக இசைக்கு நடுவே சின்னச் சின்ன ஓட்டைகள். அம்மா கடைசி மாதங்களில் பாடிய தாலாட்டிலும் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாக விடுபட்டது. மெட்டு மட்டும் நின்றது.

சத்தத்தைக் குறைத்து வைத்து, இன்னொரு முறை கடைசிவரை கேளுங்கள்.