எனக்கு இந்த மனநோய்தான் என்று நானே முடிவு செய்துகொள்ளலாமா? அதில் நன்மை என்ன, கெடுதல் என்ன?

நான் மருத்துவன் இல்லை. என் தம்பிக்குச் சில வருடங்களாக மனநல சிகிச்சை நடக்கிறது. கூடவே போய் வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

"எனக்கு இது இருக்குமோ" என்று சந்தேகப்பட யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தச் சந்தேகத்தையே தீர்ப்பாக்கிக்கொள்ளும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். "கூகுள் பார்த்துட்டு வராதீங்க" என்று சலித்துக்கொள்ளும் மருத்துவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியாது. ஓசிடி (வேண்டாத எண்ணங்களும், அவற்றை அடக்கச் செய்யும் சடங்குகளும் திரும்பத் திரும்ப வரும் நோய்) உள்ளவர்களில் சிலருக்கு, கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போதே "கீழே போட்டுவிடுவேனோ" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். விருப்பமே இல்லாமல் வரும், வந்தால் விரட்டவும் முடியாது. தான் ஒரு கொடூரமான ஆள் என்று நினைத்துக்கொண்டு, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புழுங்குவார்கள். இப்படிப்பட்ட எண்ணம் ஓசிடியில் சகஜம், அந்த எண்ணத்தைக் கண்டு இவ்வளவு பதறுவதே அதன் அறிகுறி என்று எங்கேயோ நாலு வரி படித்த பிறகுதான் டாக்டரிடம் போகவே தைரியம் வரும். படிக்கவில்லை என்றால் போகவே மாட்டார்கள். தன் குணமே கெட்டது என்று நம்புகிறவர் மருந்தைத் தேடுவாரா?

இன்னொரு கூட்டமும் உண்டு. ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிலைக்காத, சிலருக்குத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) என்றாலே வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பையன்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள். அவள் முப்பது வயதுக்கு மேல் தானாகப் படித்துத் தெரிந்துகொண்டு வந்து நின்றால், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, கெடுதலுக்கு வருவோம்.

அறிகுறிப் பட்டியல்கள் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரியே இருக்கும். மறதி, தூக்கம் சரியில்லை, ஒரு வேலையை ஆரம்பித்தால் முடிப்பதில்லை... யாருக்கு இல்லை? 1949-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். தன் மாணவர்கள் 39 பேருக்கு "இது உங்கள் குணச்சித்திரம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்! டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட நூறு ஏடிஎச்டி வீடியோக்களை எடுத்துப் பார்த்த 2022-ஆம் வருட ஆய்வு ஒன்றில், பாதிக்கும் சற்று அதிகமானவை தவறாக வழிநடத்துபவை என்று தெரிந்தது.

வீடியோவை விடுங்கள். ஆன்லைனில் மனச்சோர்வுக்கு என்று நீங்கள் நிரப்பும் கேள்வித்தாள் பெரும்பாலும் பிஎச்க்யூ-9 ஆக இருக்கும். அது நல்ல கருவி, மருத்துவர்களே பயன்படுத்துவது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் "இவரை விசாரிக்க வேண்டும்" என்று பொருள். எதை விசாரிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மந்தம், எதிலும் பிடிப்பின்மை வரும். ரத்தசோகை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வேறு ஏதாவது மாத்திரை, குடி என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. சமீபத்தில் ஒரு சாவு நடந்த வீடாகவும் இருக்கலாம். டாக்டர் இவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், மிச்சம் இருப்பதைப் பார்க்கிறார். பெயரைக் கண்டுபிடிக்க நம்மாலும் முடியும். தள்ளிக்கொண்டு போகத்தான் தனியாக உட்கார்ந்து முடியாது.

தம்பி முதல் தடவை போனபோது, "எனக்கு டிப்ரஷன்" என்று தீர்மானமாகத்தான் போனான். மதிப்பெண்ணை போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். டாக்டரம்மா அதைப் பொறுமையாகப் பார்த்தார், தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். பிறகு சம்பந்தமே இல்லாத மாதிரி ஒன்று கேட்டார்: "தூக்கம் ரொம்பக் குறைஞ்சும் களைப்பே தெரியாம, ஓடி ஓடி வேலை பார்த்த நாள் எப்பவாவது இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

பக்கத்தில் இருந்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஏன்டா, வேலைய விட்டப்போ? ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டு, ஒரே வாரத்துல ரெண்டு பிசினஸ் ஆரம்பிக்கிறேன்னு கடன் வாங்கிட்டு வந்து நின்னியே?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "அதுதான் அண்ணா நான் நார்மலா இருந்த நேரம்."

அது நார்மல் இல்லை, பைபோலாரின் (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோயின்) மறுபக்கம் என்பது அதற்கப்புறம் நடந்த விசாரிப்பில் தெளிவானது. பைபோலார் உள்ளவர்கள் உற்சாகத்தின் உச்சியில் இருக்கும்போது டாக்டரைத் தேடுவது அபூர்வம். கீழே விழுந்த பிறகுதான் தேடுவார்கள். அந்த நேரத்தில் நிரப்பும் கேள்வித்தாளில் மனச்சோர்வுதான் தெரியும். அதை நம்பி மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால், சிலருக்கு மேனியா, அதாவது அந்த அளவுமீறிய உற்சாக நிலை, கிளம்பிவிடும். அவன் கேள்வித்தாளில் பொய் சொல்லவில்லை. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தாய் என்றுதான் அது கேட்கிறது, அவனும் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருந்தான்.

இன்னும் கடுமையான நோய்களில், குறிப்பாக இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்றவற்றில், நோயாளிக்குத் தனக்கு நோய் என்பதே பெரும்பாலும் தெரியாது. அங்கே சுயமாகக் கண்டுபிடிப்பது என்ற பேச்சே எடுபடாது. கவனித்துக் கூட்டிப்போவது வீட்டார் வேலை.

என் கண்ணெதிரே அதிகம் நடப்பது வேறொன்று. பெயர் கிடைத்ததும் அதற்குள்ளேயே குடியேறிவிடுவது. "எனக்கு சோஷியல் ஆங்சைட்டி, அதனால் நான் போன் எடுக்க மாட்டேன், கூட்டத்துக்கு வர மாட்டேன்." பதற்ற நோயில் ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும் என்பதால்தான், கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சூழலுக்குள் போகப் பழக்குவதே சிகிச்சையாக இருக்கிறது. சிகிச்சைக்குப் போகாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் நேர் எதிர்த் திசையில் போகிறோம். ஓசிடிக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி: "இது ஓசிடிதானே?" என்று தினமும் இணையத்தில் சரிபார்ப்பதே, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது போல, அந்த நோயின் சடங்குகளில் ஒன்றாகிவிடும்.

நண்பர் மிச்சம் வைத்த தூக்க மாத்திரையை வாங்கிப் போடுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, போடாதீர்கள். பதற்றத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைப் பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை, செலவு கட்டாது, வீட்டில் விட மாட்டார்கள் என்று இருப்பவர்களுக்குச் சுயமாகப் படிப்பதைத் தவிர வழியில்லை என்பதும் உண்மைதான். அவர்கள் சாதாரண பொது மருத்துவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ரத்தப் பரிசோதனைகளை அவரே எழுதித் தருவார். போகும்போது நோயின் பெயரைச் சொல்வதைவிட நடந்ததைச் சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், எந்த வேலை நின்றுபோனது, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று. "எனக்கு இன்னதாக இருக்குமோ என்று படித்தேன்" என்பதைக் கடைசியில் சொல்லுங்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அந்த பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை நீங்களே நிரப்பினால் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். செத்துவிடலாம் என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கும். அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையே கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.